மெர்சியின் மகனும் எங்கள் முன்பள்ளியும்

ஆண்டவரை நம்பும் சகோதர சகோதரிகளே, ஜெயபுரத்தில் சிறிய கிறிஸ்தவ முன்பள்ளி ஒன்றை நடத்துகிறவள் நான். போன ஒக்டோபரில் அதை மூடுவதாகச் சபையில் பேசினார்கள். ஜனவரிக்குள் பிள்ளைகள் சேராவிட்டால் பூட்டு. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

போருக்குப் பிறகு மீள்குடியேறிய காலத்தில் ஒரு மரத்தின் கீழ் தறப்பாள் கட்டித் தொடங்கிய பள்ளி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்தார்கள். அநேகர் சைவர்கள். மதம் மாற்ற நாங்கள் அதைத் தொடங்கவில்லை. தாய் தகப்பன் வயலுக்குப் போனால் பிள்ளைக்கு ஒரு மடி வேண்டும், அவ்வளவுதான். காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும், "இண்டைக்கு என்னத்துக்கு ஜெபிப்பம்?" என்று கேட்போம். மாடு கன்று போட வேண்டும், அப்பாவின் காய்ச்சல் மாற வேண்டும் என்பார்கள். அதற்கே நிறைய நேரம் போய்விடும்.

பிறகு எங்கள் சபையைச் சேர்ந்த மெர்சி பிரதான வீதியில் ஒரு பள்ளி திறந்தார். வண்ணச் சுவர், ஊஞ்சல், பிள்ளைகளை ஏற்றிப்போக ஒரு வான். ஞாயிறுதோறும் எழும்பிச் சாட்சி சொல்வார், இன்று இது கிடைத்தது, நாளை அது வருகிறது என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்வேன். வயிறு எரிந்தது. மறைத்து என்ன பயன்? என் பாயில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த வானில் ஏறிப் போனார்கள். எனக்குக் கையும் காட்டினார்கள். பாயில் மிஞ்சியது ஒருசிலர்தான்.

ஒக்டோபரில் மூடுகிற கதை வந்ததும் உபவாசமிருந்து ஜெபித்தேன். அழகான ஜெபமல்ல. "ஆண்டவரே, மெர்சிக்கு மட்டும் அள்ளிக் குடுக்கிறீரே! நான் உமக்கு என்ன குறை வைச்சனான்? அவாவிட்ட இருக்கிற பிள்ளையள எனக்குத் தாரும்" என்றுதான் கேட்டேன்.

அடுத்த கிழமை மெர்சியே எங்கள் வாசலில் வந்து நின்றார், மகன் யோவேலோடு. நாலு வயதாகியும் பேசாத பிள்ளை.

"அக்கா, எங்கட பள்ளிக்கூடத்துச் சத்தத்துக்கு இவன் மேசைக்குக் கீழ போய் ஒளியிறான். கொஞ்ச நாளைக்கு உங்களிட்ட விடட்டோ?"

கேட்டது கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு பிள்ளை, அதுவும் வாய் திறக்காத பிள்ளை. ஆண்டவர் என்னோடு பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "ஓம், விடுங்கோ" என்றேன்.

காலைதோறும் அவனிடமும் கேட்டேன். அவனுடைய முறை வந்தால் எல்லாரும் பொறுத்திருப்போம். பிறகு அடுத்த பிள்ளையிடம் போவோம். டிசம்பர் மழையில் ஒரு நாள் அவன் தலையைத் தூக்கினான்.

"எங்கட நாய்க்குட்டி சாப்பிடேல்ல."

எல்லாரும் கண்ணை மூடினோம். நாய்க்குட்டிக்காக ஜெபித்தோம். நிமிர்ந்தால் வாசலில் மெர்சி. மகன் விட்டுவிட்டு வந்த குடையைக் கொண்டுவந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒருநாளும் ஒண்டும் சொன்னதில்லை, அக்கா. உங்களுக்குத்தானே முதல் சொல்லியிருக்கிறான்."

அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. பொறாமையும் இருந்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான முகம் அது. அவரைக் கட்டிப்பிடித்தேன். இருவரும் அழுதோம்.

அந்த ஞாயிறு மெர்சி எழும்பி, தன் பள்ளியைப் பற்றிப் பேசாமல் எங்கள் பள்ளியைப் பற்றிச் சாட்சி சொன்னார். கதை ஊரெல்லாம் பரவியது. ஜனவரியில் பாய் போதாத அளவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். சபையார் மூடுகிற கதையை விட்டுவிட்டார்கள். ஆண்டவருக்கே நன்றி.

இன்றும் சில நாட்களில் எனக்கு எரியும். அப்போது மெர்சியின் பெயரைச் சொல்லியே ஜெபிக்கிறேன். அன்பானவர்களே, உள்ளம் சுத்தமான பிறகு அவரிடம் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். எரிகிற வயிற்றோடேயே போங்கள். நல்ல மனம் வரட்டும் என்று நான் காத்திருந்தால், இந்தப் பள்ளியை எப்போதோ பூட்டியிருப்பார்கள்.