ஒரே தொட்டி

"வழியை விடுடா தடியா! உனக்கு இப்பத்தானே கொட்டினேன்?" என்று வான்கோழியை முழங்காலால் தள்ளிக்கொண்டே, முயல் கூண்டுக்குள் கீரைத்தண்டைச் செருகுகிறாள் கண்டக்டரம்மா. இடுப்பில் ஒரு வாளி, கையில் ஒரு வாளி. பின்னால் வந்த கழுதை வாளிக்குள் மூக்கை விடுகிறது. "உனக்குக் கடைசியிலதான் மகராசி. புதுசா கேக்கிற மாதிரி நடிக்காத." கழுதை நடிப்பை நிறுத்துவதில்லை.

வாத்துக்கு முதலில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் கத்தியே தெருவைக் கூட்டிவிடும். அப்புறம் கோழி, மாடு, முயல். கோழிக்குப் போட்ட உடைத்த சோளம் தீர்கிறவரை ஆட்டை மட்டும் அவிழ்த்துவிட மாட்டாள். "ஆட்டுக்கு வாய் உண்டு, போதும்கிற புத்தி கிடையாது. சோளத்தைப் பாத்துச்சுன்னா வயிறு வெடிக்கிற வரைக்கும் திங்கும்" என்பாள். எந்தப் பிராணியையும் அடித்ததில்லை. கோபம் தலைக்கேறினால் துடைப்பத்தை எடுத்து, பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்குவாள். அந்த வீட்டின் பின்கட்டு அநேகமாக எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

அவளுக்குப் பட்டப்பெயரே எரிச்சல். "நிலம் எங்கப்பா குடுத்தது, சாணி நான் அள்றது. பேரு மட்டும் அவருக்கா?" அவர் என்பது வீட்டுக்காரர். பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வரும்போது ஒரு விசிலையும் ஒரு கிழிந்த இருக்கையையும் கொண்டுவந்தார். இருக்கை தகரக் கொட்டகையில் கிடக்கிறது. கோழிதான் அதில் உட்கார்ந்து முட்டையிடுகிறது. "எனக்கு உக்கார ஏது நேரம்?" என்கிறாள்.

விசில் அவர் கழுத்தில் இருக்கிறது. விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்கக் காரில் குடும்பங்கள் வரும். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நீளமான சிமெண்டுத் தொட்டியில் சோளத்தைக் கொட்டிவிட்டு விசிலை ஊதுவார். கோழி, வாத்து, வான்கோழி, கழுதை எல்லாம் விழுந்தடித்து ஓடிவரும். "உள்ள போ, உள்ள போ, இடமிருக்கு!" என்று பழைய குரலில் அவர் சொல்ல, வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "ஒரே தொட்டியில அத்தனை ஜீவனும் திங்குது பாருங்க சார். மனுஷனுக்குத்தான் இந்த ஒத்துமை இல்ல."

"ஒத்துமையாம், பெரிய ஒத்துமை! தின்னு முடிச்சதும் வந்து அள்ளுங்களேன் உங்க ஒத்துமையை" என்று பின்கட்டிலிருந்து பதில் வரும். ஒவ்வொரு தடவையும் விசில் சத்தம் கேட்பதற்கு முன்னால் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். அது யாருடைய படத்திலும் விழுவதில்லை.

போன சனிக்கிழமை அவள் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் நின்று, "ஆட்டை மட்டும் அவுத்துடாதீங்க. குட்டி போட்ட உடம்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

மத்தியானம் திரும்பி வந்தபோது ஆடு சுவரோரம் காலை அகட்டி நின்றது. இடது விலா தட்டினால் சத்தம் வரும்போல உப்பியிருந்தது. அசை போடவில்லை. தொட்டியின் அடியில் ஒரு சோளம்கூட மிச்சமில்லை.

"அவுத்தீங்களா?"

"குழந்தைங்க ஆசையா கேட்டுச்சு. கூட்டத்தோட நின்னா பாக்க அழகா இருக்குமேன்னு..."

அவள் எண்ணெயை ஆட்டின் வாயில் ஊற்றினாள். வயிற்றைப் பிசைந்தாள். கயிற்றைப் பிடித்து நடத்தினாள். "இடிச்ச புளி மாதிரி நிக்காதீங்க, போய் டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!" மருத்துவர் சாயங்காலம் வந்து குழாய் விட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். தாமதமாகிவிட்டது என்பதைச் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடு செத்துக் கிடந்தது. அதன் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு இரண்டு குட்டிகளும் கத்தின. அவர் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். மெய்யாகவே அழுதார்.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதை" என்றாள். செத்த ஆட்டைக் கொட்டகை ஓரம் இழுத்துப் போட்டு, மேலே சாக்கை விரித்துவிட்டு, பசும்பாலைப் புட்டியில் ஊற்றிக் குட்டிகளின் வாயில் திணித்துப் பார்த்தாள். இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. ஒரு தகப்பன், ஒரு தாய், கையில் பொம்மையோடு ஒரு சிறுமி. "விசில் ஊதினா எல்லாம் வருமாமே?" என்றார் தகப்பன்.

கண்டக்டர் கண்ணைத் துடைத்தார். உள்ளே போனார். சலவைச் சட்டையோடு திரும்பி வந்தார். "வாங்க சார், வாங்க" என்றவரின் கை தன்னாலே விசிலுக்குப் போனது.

அவள் இரண்டு குட்டிகளையும் தூக்கிவந்து அவர் நெஞ்சோடு திணித்தாள். ஏந்திக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. கத்துகிற வாய்கள் சட்டைப் பொத்தானைத் தேடின. வந்தவர்கள் இதுவும் வேடிக்கைதான் என்று சிரித்தபடி போனைத் தூக்கினார்கள்.

"எடுங்க, நல்லா எடுங்க" என்றாள். "அம்மா, குழந்தையை மட்டும் காருக்கு அனுப்பிடுங்க."

தாய் ஒன்றும் புரியாமல் மகளை அழைத்துக்கொண்டு போனாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை கண்டக்டரம்மா காத்திருந்தாள். பிறகு கொட்டகை ஓரத்துக்குப் போய்க் குனிந்து, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தபடியே, சாக்கை ஒரே இழுப்பாக இழுத்தாள்.