வசப்படாத சாட்சி

1. மெமோ

ஒரு கொலை வழக்கில் உண்மையைச் சொல்லத் தயாராக இருந்த ஒரே சாட்சியை, எதிரித் தரப்பு வசப்படுத்திவிட்டது என்று பொய்யாக எழுதிக் கொடுத்தேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். பிராசிக்யூட்டர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில் அடிஷனல் பப்ளிக் பிராசிக்யூட்டர். சாலைக் கடைவீதியைச் சுற்றி ஓடைகள் இடிந்து, மழை பெய்தால் அரிசிக் கிடங்குகளுக்குள் சாக்கடை புகுந்த காலம். கட்டாத ஓடைகளுக்கு ஒரு காண்டிராக்டர் பில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கட்சித் தலைவர். வேலைகளை அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் பதிகிற ஓவர்சியர் ஆறுமுகம் பிள்ளை, "வேலை நடக்கவில்லை" என்று எழுதினார். அந்தப் புத்தகத்தை லஞ்ச ஒழிப்பு விஜிலென்ஸில் கொடுக்கப்போவதாகச் சொன்ன அதே வாரம், ஆரியசாலையில் ஒரு கிடங்குக்குப் பின்னால் பட்டப்பகலில் அவரைக் குத்திக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட எதிரி, காண்டிராக்டரின் ஆள்.

பார்த்தவர்கள் மூவர். இருவர் சுமைதூக்கும் தொழிலாளிகள். இன்னொருத்தி கிடங்கு பெருக்கும் செல்லத்தாய், வள்ளியூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

ஒரு சாட்சி பிறழப்போகிறார் என்று தெரிந்தால் அவரைக் கூண்டில் ஏற்றாமலே, "வோன் ஓவர், கிவன் அப்" என்று மெமோ கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எதிரி வசப்படுத்திவிட்டார், அரசுத் தரப்பு கைவிடுகிறது என்று பொருள். ஆதாரம் காட்டவேண்டியதில்லை. பிராசிக்யூட்டரின் வார்த்தை போதும்.

2. வராந்தா

தொழிலாளிகள் இருவரும் கூண்டில் ஏறி, ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். செல்லத்தாய் தினமும் வந்து வராந்தாத் தூணருகே நின்றாள். மூன்றாம் நாள் என்னை மறித்தாள்.

"சாரே, இன்னைக்காவது என்னைய ஏத்துவியளா? கிடங்குல வேற ஆளப் போட்டிருவானுவ."

பயமில்லையா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் உண்டு சாரே. நேத்து ஒருத்தன் வாசல்ல வந்து நின்னுகிட்டு மொறைச்சான். ஒனக்கு வேற சோலி இல்லியாடேன்னு கேட்டேன். போயிட்டான்."

அன்று மாலை என் சீனியர் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். என் பதவி சர்க்கார் நியமனம். காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. வாசலில் பப்ளிக் பிராசிக்யூட்டர் என்ற போர்டு இல்லாத என் வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயம்.

"புது லிஸ்ட் தலைவர் கையில இருக்கு, கேட்டேளா. உங்க பேரும் இருக்கு. அது அங்கயே இருக்கணும்னா அந்தப் பொம்மனாட்டியை விட்டுடுங்கோ. ரெண்டு பேர் மாறியாச்சு. மூணாவதும் மாறிட்டாள்னு சொன்னா எவன் கேக்கப்போறான்?"

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மெமோவைக் கொடுத்தேன். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நம்பத்தகுந்த தகவலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நினைத்தால் தாமே அவளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. அவள் பத்தடி தூரத்தில், வெளுத்த சேலையில் நின்றுகொண்டிருந்தாள். அவர் மெமோவில் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை: அந்த நேரத்தில் எனக்கு உண்டான நிம்மதியை.

வெளியே வந்து, "நீ போகலாம், உன் சாட்சி தேவையில்லை" என்றேன்.

"நான் கண்டேனே சாரே" என்றாள். நான் கேஸ் கட்டைப் புரட்டுவதுபோல் நின்றேன்.

3. வாசிப்பு

எதிரி விடுதலையானான். நேரில் பார்த்தவளும் எதிரி பக்கம் போய்விட்டாள் என்று பத்திரிகையில் வந்தது. ஓவர்சியரின் மனைவி பகவதியம்மாள் கிடங்குக்கே வந்து, எல்லார் முன்னாலும், "எந் தாலிக்கு எவ்வளவு வாங்குனே?" என்று கேட்டாராம். தன்னைக் கூண்டில் ஏற்றவே இல்லை என்று செல்லத்தாய் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் இருந்த அக்காளிடம் போய்விட்டாள். எனக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த முறையும் கிடைத்தது.

பதவியை விட்ட பிறகு, அந்த மெமோ பொய் என்று சர்க்காருக்கு எழுதினேன். வழக்கு முடிந்துவிட்டது, மேல்நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நடந்ததைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போனக்காடு போனேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவள் வாசலில் நின்று முழுவதையும் படித்துக் காட்டினேன். செல்லத்தாய் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான சாரே. தெரியாதவுககிட்ட போயி வாசிங்க."

இதை நானாக யோசித்திருக்க வேண்டும். மன்னிப்பை வாங்கும் அவசரத்தில், யாரிடம் அவள் பெயரைக் கெடுத்தேன் என்பதையே மறந்திருந்தேன். இளைஞர்களே, ஒரு சாட்சியைப் பற்றி நீங்கள் எழுதும் வார்த்தையை முதலில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் எழுதாதீர்கள்.

கரமனையில் பகவதியம்மாளிடம் வாசித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்.

"நாலு நாளும் அவ அங்கதான் நின்னாளா?"

"நின்னா."

"நான் உள்ள பெஞ்சில இருந்தேன். ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல." பிறகு, "அவ வெலாசத்த எழுதித் தாங்க" என்றார். நானும் கூட வருகிறேன் என்றதற்கு, "நீங்க வரவேண்டாம்" என்றார்.

அடுத்த வாரம் அவர் தனியாகப் போனக்காடு பஸ் ஏறியதாக அவர் மகன் சொன்னார். இருவரும் என்ன பேசினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.