ஓநாய்ச் சரிவின் ஒயின்

ஒயினுக்குப் பேர்போன ஷப்லி ஊருக்கு வெளியே, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஓநாய்ச் சரிவு என்று பேர். எவாரிஸ்தின் தகப்பன் அதை நிலத்தோடு சேர்த்தியாகவே நினைத்ததில்லை. மற்ற சரிவுகளில் ஷார்தொனே திராட்சை பழுத்துக் கூடைக்கு வந்த பிறகும் இங்கே மட்டும் பச்சையாக, பல் கூசும் புளிப்போடு தொங்கும். கடைசியில் அதையும் பறித்து எல்லாவற்றோடும் ஒரே தொட்டியில் விட்டுவிடுவார். மகனும் அப்படியே செய்துவந்தான்.

அவன் மனைவி எர்மீனுக்கு அந்தச் சரிவின்மேல் தனிப் பிரியம். கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், அங்கேதான் விரல் விறைக்க விறைக்கக் கொடிகளை வெட்டிக் கவாத்து பழகினாள். அவள் மூக்கோ படு கூர்மை. கலந்த தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தால் முகர்ந்துவிட்டு, "இதோ, நம்ம சரிவு அடியில கெடக்கு" என்பாள். ஒவ்வோர் அறுவடையிலும் இதே பேச்சுதான்.

"அத மட்டும் தனியா வையேன் எவாரிஸ்த். ஒரே ஒரு சின்னத் தொட்டி."

"புளித் தண்ணிய யாரு குடிப்பா? அது சேந்தாத்தான் மத்ததுக்கு உசுரு."

"உங்கப்பா பேச்ச அப்படியே ஒப்பிக்கிற."

"அவரு ஒண்ணும் முட்டாள் இல்ல."

"நீயும் இல்லன்னுதான் கேக்கறேன்."

அவன் சிரித்து மழுப்பிவிடுவான். அவளும் விட்டுவிடுவாள், அடுத்த அறுவடை வரைக்கும்.

பிறகு கோடைகள் மாறின. ஒரு வருஷம் அடித்த வெயிலில் மற்ற சரிவுகளின் பழமெல்லாம் அவசரமாகப் பழுத்துச் சர்க்கரைத் தண்ணீராகிவிட்டது. எர்மீன் ஓநாய்ச் சரிவிலிருந்து ஒரு குலையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எவாரிஸ்த் ஒரு பழத்தை வாயில் போட்டான். இனிப்பு இருந்தது, அதன் பின்னாலேயே புளிப்பு நிமிர்ந்து வந்தது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டான்.

"சரி, தனியாவே வைப்போம்" என்றான்.

எர்மீன் அவன் தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். "இப்பவாவது உறைச்சுதே, மரமண்டைக்கு."

பிப்ரவரியில், ஒயின் இன்னும் தொட்டியில் உறங்கிக்கொண்டிருந்தபோது, நிலவறைப் படியில் பனி உறைந்திருந்ததைக் கவனிக்காமல் கால் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, இரண்டே வாரத்தில் வீட்டு வேலைகளைப் பார்க்கத் தொடங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டக்காரன் மாத்துரேன் புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். அடுப்பில் பாலாடைக்கட்டி உருண்டைகள் கரியாகிக்கொண்டிருந்தன. அதே அறையில், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எர்மீன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எர்மீன், வீட்டையே கொளுத்தப் பாக்கறியா?"

அவள் திரும்பிப் புகையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பட்டாணித் தோலை மூக்கருகே கொண்டுபோனாள். காப்பி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். பிறகு சோப்பை. மாத்துரேனுக்குப் பின்னாலேயே வந்த எவாரிஸ்த் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மண்டைக்குள் மூக்கு நரம்பு அறுந்திருக்கிறது, இனி வாசனை திரும்பி வருவது கஷ்டம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

மறு வருஷம் ஓநாய்ச் சரிவின் ஒயினைப் பாட்டிலில் அடைத்து, சில மாதம் கிடத்தி, முதல் பாட்டிலைச் சமையலறையில் திறந்தார்கள். மாத்துரேனும் வந்திருந்தான். வெளிறிய பொன் நிறம், ஓரத்தில் லேசாகப் பச்சை. மாத்துரேன் முகர்ந்தான், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி விழுங்கினான்.

"அடப்பாவி! இவ்வளவு வருஷமா இதையாடா கண்டதோட கலந்து ஊத்தின?"

எவாரிஸ்துக்கு முகம் சுண்டிவிட்டது.

மாத்துரேன் போன பிறகு எர்மீன் தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்தாள்.

"புளிப்பு தெரியுது. கடைசில உப்பு மாதிரி ஒண்ணு, அதுவும் தெரியுது. மிச்சத்த நீ சொல்லு."

"நல்லா இருக்கு."

"அத நம்ம வீட்டு நாயும் சொல்லும். ஒழுங்கா சொல்லு."

அவன் முகர்ந்தான். "எலுமிச்ச... இல்ல, எலுமிச்சத் தோலு."

"அப்புறம்?"

"மழ பேஞ்ச கல்லு. சிப்பி ஓடு. ஏதோ பூ..."

"என்ன பூ?"

அவன் மறுபடி முகர்ந்தான். கிளாஸை உள்ளங்கையில் வைத்துக் குளிர் குறைய விட்டு, மறுபடியும். வெள்ளைப் பூ என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இத்தனை காலம் அந்த வீட்டில் மூக்கு அவளுடையதாகவே இருந்துவிட்டது. அவன் ஊன்றி முகரப் பழகியதே இல்லை.

"அன்னிக்கே உன் பேச்சக் கேட்டிருக்கணும் எர்மீன்."

"கேட்டிருக்கணும்தான்" என்றாள்.

ஆறுதலாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

அதன்பிறகு ஓநாய்ச் சரிவை அவன் எந்த வருஷமும் கலக்கவில்லை. தேடிவந்து வாங்குகிறவர்கள் உண்டானார்கள். குளிர்காலத்தில் எர்மீன் வழக்கம்போல அங்கே கவாத்துக்குப் போகிறாள். ஒயினை முகர்ந்து பார்க்கிற நிலவறைக்கு மட்டும் வருவதில்லை. விருந்தாளிகள் அங்கே குடித்துப் பாராட்டும்போது, "எல்லாம் என் பொண்டாட்டி யோசனை" என்பான் எவாரிஸ்த். அவளைக் கூப்பிடுங்களேன், சேர்ந்து குடிக்கலாம் என்பார்கள் அவர்கள். அவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த கிளாஸை ஊற்றத் தொடங்குவான்.