எட்டுக்குப் பதில் இரண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அலுமினிய வார்ப்புக்கு அச்சு செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே எனக்குக் கஞ்சப் பிசினாறி என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளை நான் குப்பையில் போட்டதில்லை, போட்டவர்களைச் சும்மா விட்டதுமில்லை.

டிசைன் பிரிவில் ஒரு இஞ்சினியர் இருந்தான். பழவேற்காட்டுக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், என்னை அக்கா என்பான். அவன் வீட்டில் எல்லோரும் இறால் வியாபாரம். இவன் ஒருவன்தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவன். உருகிய உலோகம் அச்சுக்குள் எப்படிப் பாயும் என்று முன்கூட்டியே திரையில் ஓட்டிப் பார்ப்பான். பழைய மெஷினில் இரண்டு பிராசஸர். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறாகும்.

நாலு பிராசஸர் மெஷின் வாங்கித்தரச் சொல்லி ஒரு வருடம் முதலாளியை நச்சரித்தான். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடியும் என்று வாக்குக் கொடுத்தான். முடியாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும், நீயும் பழையபடி அச்சு கடையும் ஷாப் ஃப்ளோருக்குப் போவாய் என்று முதலாளி சொல்லித்தான் வாங்கினார்.

மெஷின் வந்தது. நான்தான் அதை இயக்கும் லினக்ஸை ஏற்றினேன். முதல் நாள் ஒன்பதுக்கு ஆரம்பித்தான், ஆறுக்கு முடிந்தது. மறுநாளும் ஆறு. கேன்டீனில் ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. தான்தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோம் என்று நம்பி, மூன்றாம் நாள் காலையில் மென்பொருளின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்று பிரிண்டர் கோளாறு ஒன்றுக்காக, அந்த மெஷின் தொடங்கும்போது எழுதிவைக்கும் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி: பிராசஸர் வரம்பு இரண்டு, மற்றவை சேர்க்கப்படவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நாமே தயாரிக்கும்போது அது வரிசையாகக் கேள்வி கேட்கும். அதிகபட்சம் எத்தனை பிராசஸர் என்பது அதில் ஒன்று. எட்டு என்று அதுவே பதிலும் போட்டுவைத்திருக்கும். கூடுதலான ஒவ்வொரு பிராசஸருக்கும் எட்டு கிலோபைட் இடம் பிடிக்கும் என்று பக்கத்தில் குறிப்பும் இருக்கும். அதைப் படித்தபின் என் கை சும்மா இருக்குமா? சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று, பழைய மெஷினில் எட்டை அழித்து இரண்டு போட்டிருந்தேன். புது மெஷினில் மறுபடி பதில் சொல்லச் சோம்பல்பட்டு, அந்தப் பழைய பதில்களை அப்படியே கொண்டுவந்து கொட்டியிருந்தேன்.

சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாம். எழுந்து போய் அவனிடம் சொல்லிவிட்டேன். கத்துவான் என்று பார்த்தேன்.

"அப்போ மெஷினு நல்லாத்தான் இருக்குது, இல்லக்கா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அந்த நிமிடம் அவன் மேல் வந்த பாசம் இன்றுவரை போகவில்லை.

உடனே புது கெர்னல் தயாரிக்க உட்கார்ந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கை தானாக நாலு என்று அடித்தது.

"எட்டுன்னு அதுவே குட்த்துக்கினு இருக்குது. உட்டுடேன்க்கா" என்றான். விட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தான். முதலாளி இரண்டு மணிக்கு, சாப்பாட்டு வேளைக்குச் சரியாக வந்து நின்றார். வேலை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. இத்தனை நாள் என்ன ஆயிற்று என்று கேட்டார். சின்ன செட்டிங் சார், ரெண்டு பேருமாகப் பார்த்தோம் என்று அவன் ஆரம்பித்தான். என்னைக் காப்பாற்றுகிறானாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரெண்டு பேரும் இல்ல சார். நான்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அப்படி எவ்வளவு மிச்சம் பிடித்தாய் என்றார். நாற்பத்தெட்டு கிலோபைட் என்றேன். அது எவ்வளவு என்று அதையும் கேட்டார். உங்கள் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றை ஸ்கேன் செய்தால்கூட அதில் அடங்காது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவனிடம், "அடுத்த மெஷினு இன்னா வேணும்னு நீயே எழுதிக் குடு" என்றார். கதவருகே போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ மட்டும் நம்பரு போடாதம்மா."

அவர் போன பிறகுதான் அவன் சிரித்தான், நாலு நாளில் முதல் தடவையாக. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.