ஒரு பிடி மண்

பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிப்போன என் கணவர், தன் தம்பியின் சவப்பெட்டியைக் குழியில் இறக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். வந்திருந்த ஜனமே திரும்பிப் பார்த்தது. "மானத்தை வாங்குறீங்களே" என்று பல்லைக் கடித்து, அவர் மண் போடும் முன்பே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். டெலானிபூரில் எங்கள் வீடு வரும்வரை நான் திட்டினேன், அவர் சிரித்தார். வீட்டில் அவருடைய மூடிய கையைப் பிரித்து, உள்ளேயிருந்த மண்ணைக் கழுவிவிட்டேன்.

மறுவாரம் டாக்டரிடம் புலம்பினேன். "இந்தப் பக்கவாத பீமாரியே அப்படித்தான்மா. சிரிப்பையும் அழுகையையும் அடக்குற இடம் மூளையில அடிபட்டிருக்கு. உள்ள துக்கம் இருக்கும், வெளிய சிரிப்பா வரும்" என்றார்.

இப்போது அவர் சிரித்தால் கையைப் பிடித்துக்கொள்கிறேன். தம்பிக்கென்று அவர் பொத்தி வைத்திருந்த மண்ணைத்தான் என்னால் திருப்பித் தர முடியவில்லை.