ஸ்டெல்லா அளந்த மின்சாரம்

செய்தி வந்தபோது நான் லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் ஏணிமேல் நின்றிருந்தேன். அழைத்தது ஸ்டெல்லாவின் மகள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றாள். சில மாதங்களாகவே மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த உடம்பு. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பட்டறைக்காரர்தான் கையைப் பிடித்து இறக்கி உட்கார வைத்தார்.

உங்களில் பலர் அவரை 'வயர்மேன் அக்கா' என்றே அறிவீர்கள். கெமாஸில் ரயில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். நாங்கள் இருவரும் ஒன்றாக உரிமம் எடுத்து, ஒரே வேனில் வேலைக்குப் போனவர்கள். தொடக்கத்தில் வீட்டுக்காரர்கள் என்னிடம்தான் பேசுவார்கள். ஏணியைப் பிடிக்க அவரைக் கூப்பிடுவார்கள். அவர் மேலே ஏறிக்கொண்டு, "குணா, நல்லா புடி" என்பார்.

யாராவது 'கரண்டு வீக்கா இருக்கு' என்றால் அவருக்குப் பிடிக்காது. "வீக்குன்னா எவ்வளவு? அளந்து பாத்துட்டுப் பேசுவோம்" என்பார்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உடைக்கப் போவதாகச் சொல்லப்பட்ட பழைய தொழிலாளர் லயத்து வரிசையின் கடைசி வீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். பெரியவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு. அது அடிக்கடி கூவிக் கூவி நின்றது. நாங்கள் போனபோது அவர்களுடைய மகன் சேகர் அதைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தான்.

"மெஷின் ரோசாக் லா அக்கா, கெட்டுப்போச்சு. வேற எடுக்கணும்."

ஸ்டெல்லா லயத்தின் மறுகோடியில் இருந்த மீட்டர் பெட்டியிலும், வீட்டுக்குள்ளும் அளந்தார். பிறகு சேகரைக் கூப்பிட்டார்.

"மெஷின்ல தப்பு இல்ல தம்பி. மீட்டர்ல எரநூத்தி முப்பது வோல்ட் இருக்கு. இங்க வர்றது நூத்தித் தொண்ணூறு. நடுவுல நாப்பது வோல்ட்ட வயரு தின்னுடுது. வீடு முழுக்க ஓடுறது எட்டு ஆம்பியர். நாப்பத எட்டால வகுத்தா அஞ்சு ஓம். நல்ல வயருன்னா அர ஓம்கூட வராது."

"அதனால என்னா அக்கா?"

"இப்ப நாப்பத எட்டால பெருக்கிப் பாரு. முந்நூத்தி இருவது வாட்ஸ். அப்பாவோட மெஷினுக்கு எவ்வளவு வேணுமோ, கிட்டத்தட்ட அவ்வளவும் கூரைக்குள்ள சூடா போவுது. மெஷின் நிக்கிறதோட போவாது. வீடே பத்திக்கும்."

கூரைக்குள் ஏறிப் பார்த்தேன். வயரை ஒட்டுப்போட்டிருந்த இடம் உருகி, பக்கத்துப் பலகை கரியாகியிருந்தது. அதற்குள் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் வந்துவிட்டார்.

"வயர மாத்தாதீங்க. ஒடைக்கப் போற லயத்துல எந்த வேலையும் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"எப்ப ஒடைக்கிறாங்க?"

"அது தெரியாது லா."

"அது வரைக்கும் இந்த மனுசன் மூச்சு விடணும்ல, அண்ணே?"

மண்டோர் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர், ஒரு காலத்தில் அவரோடு சேர்ந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மண்டோர் வெளியே போனார். நாங்கள் பக்கத்து வீட்டிலிருந்து தற்காலிகமாக ஒரு இணைப்பு இழுத்து மெஷினை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்தோம். புது வயரைப் பிரிக்கும்போது அதன் மறுமுனையை யாரோ தூக்கிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மண்டோர். மாலை வரை அவர் போகவில்லை.

வேலை முடிந்து அளந்தபோது வீட்டிலும் மீட்டரிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட். மெஷின் சீராக முனகியது. பெரியவர் கையை லேசாகத் தூக்கி ஸ்டெல்லாவைக் கும்பிட்டார்.

சில வாரங்களில் அவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனோம். அந்த அம்மா ஸ்டெல்லாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் நிக்கவே இல்லம்மா. அவருதான் நின்னுட்டாரு."

வேனுக்குத் திரும்பியதும் ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தனை வருடத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். கடைசியில், "மூச்சுக்குப் பயப்படாம போயிருப்பாரு, இல்ல குணா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். எனக்குத் தெரியாது. வேறு எதைச் சொல்வது?

மருத்துவமனையில் ஸ்டெல்லாவைக் கடைசியாகப் பார்த்தபோது குரல் மிகவும் தேய்ந்திருந்தது. நான் கண்ணைத் துடைப்பதைக் கவனித்துவிட்டார். "அழுதுட்டே வேன் ஓட்டாத. கீழ போயி பசியாறிட்டுக் கெளம்பு" என்றார். அவர் சொன்னபடி கீழே போய் உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அவருடைய கருவிகளை மகளிடம் ஒப்படைத்துவிட்டேன். அவளும் இந்தத் தொழிலுக்குத்தான் படிக்கிறாள். என்னிடம் இருப்பது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு மட்டும். படுக்கையில் விழுவதற்குச் சற்று முன்பு, நான் தனியாக ஒரு வேலைக்குப் போயிருந்த நாளில் அவர் அனுப்பியது. பின்னால் மழைச் சத்தம் கேட்கிறது. இனி அதை அழிக்க மாட்டேன்.

"குணா, மழ புடிச்சிக்கிச்சு. ஈரத்துல ஏறாத. அப்படியே விட்டுடு. நான் வந்தப்புறம் சேந்து பாத்துக்கலாம்."