இரண்டு முட்டை எடையில் ஒரு வாப்பா

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து எப்போதுமே கோணல்தான். பிழைகளும் உண்டு. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுத்து இப்படித்தான் இருக்கும் என்று, இதை டைப் செய்யும் தம்பி இத்தனை நாள் பொறுத்துக்கொண்டார். ஆனால் இந்த வாரம் வரிகள் மேலும் கீழும் ஓடுகின்றனவே, அதற்கு நான் பொறுப்பில்லை. முதுகில் ஒருத்தி இருக்கிறாள். என் வலது காதைப் பிடித்து இழுப்பதுதான் இப்போதைக்கு அவள் தொழில்.

இன்னொருத்தி மடியில். தாளின் ஓரத்தைத் தின்றுகொண்டிருக்கிறாள். ஏதாவது ஒரு வரி பாதியில் நின்றால், மீதி அவள் வயிற்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சல்மா, சபா. ஒன்பது மாதம். தாமதமாகக் கல்யாணம் முடித்து, தலை நரைத்த பிறகு இரட்டைப் பெண்களுக்கு வாப்பா ஆனவன் நான். வழக்கமாகப் படிப்பவர்களுக்கு இது தெரியும். பர்மாவில் பசுந்தாங் மார்க்கெட் ஓரத்தில் வாளி, கயிறு, பூட்டு, ஆணி விற்கிறேன் என்பதும் தெரியும். கூச்ச சுபாவம் என்பதும்... அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கைக்காரர் விலை கேட்டாலே என் காது சிவந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் மனைவி ஜைனபுக்கு, அவள் முன்பு வேலை பார்த்த தாமுவே தையல் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. சீக்கிரம் வந்தால் பழைய மெஷின் அவளுக்கு. வராவிட்டால் அதில் வேறு ஆள் உட்காரும். அவள் போயே ஆகவேண்டும். எங்கள் வீட்டு நிலைமை அப்படி.

சரி, பிள்ளைகளை யார் பார்ப்பது?

அந்தக் கேள்வி எங்கள் வாயிலிருந்து வருவதற்குள் பதில் இன்சீனிலிருந்து ரயிலேறி வந்துவிட்டது. ஜைனபின் லாத்தா, அதாவது அக்கா. எனக்கு மதினி.

"ரெண்டையும் யாரு பார்ப்பா? மாப்ளையா? அவர் ஆணி நிறுப்பாரா, பால் பாட்டில் கழுவுவாரா? ஒண்ணை நான் கொண்டு போறேன். ஒண்ணை நீ வச்சுக்க. நடக்கிற வயசு வந்ததும் திருப்பித் தர்றேன்."

நடக்கிற வயசு பள்ளி வயசாகும். பள்ளி வயசு, அடுத்த வருஷம் ஆகும். இப்படிப் போன பிள்ளை திரும்பி வந்ததை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

மதினி கெட்டவர் இல்லை. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். பெரிய வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, வாய் திறந்து மறுக்க முடியவில்லை.

"என்ன மாப்ளே, சரிதானே?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

என் "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. மதினி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அன்று இரவு ஜைனப் என்னோடு பேசவில்லை. நியாயம்தானே?

மறுநாள் கடையில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வெற்றிலைக் கடை மா தன்டா போனை நீட்டினாள். பர்மாக்காரப் பெண். என்னை அக்கோ, அதாவது அண்ணன் என்பாள்.

"அக்கோ, உங்க சொந்தக்காரன் வந்திருக்கான் பாருங்க."

பார்த்தேன். ஒரு குரங்கு. குரங்கா அது? ஆள்காட்டி விரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தென் அமெரிக்காவில், அமேசான் மழைக்காட்டில் இருக்கிறதாம். உலகத்துக் குரங்குகளிலேயே சின்னது. வளர்ந்த குரங்கின் எடையே இரண்டு கோழிமுட்டைதானாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆணி நிறுக்கும் தராசில் ஏழு டிக்கல் ஆணி (டிக்கல் எங்கள் ஊர் நிறை, பதினாறு கிராம்) போட்டு, அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். இவ்வளவுதான் ஒரு முழுக் குரங்கு. பிறந்த குட்டியோ ஒரு டிக்கல்! அந்த எடைக்கு நான் ஆணிகூட விற்பதில்லை.

உடம்பைவிட வால் நீளம், ஆனால் அந்த வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கத் தெரியாது. பல்லால் மரப்பட்டையில் ஓட்டை போட்டு, கசிகிற பிசினை நக்கிக் குடிக்கும். நமக்கு டீக்கடை மாதிரி, அதற்கு அந்த மரம். கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே பார்க்கும். குட்டிகள் நம் பிள்ளைகளைப் போலவே அர்த்தமில்லாமல் ஏதேதோ பேசிப் பழகுமாம். எந்த பாஷையில் என்று வீடியோவில் சொல்லவில்லை. என் மகள்கள் பேசுவது தமிழா பர்மியா என்று எனக்கும் இன்னும் தெரியவில்லை.

பிறகுதான் அந்த விஷயம் வந்தது. அதற்குப் பெரும்பாலும் இரட்டைக் குட்டிதான் பிறக்குமாம். பிறந்ததும் அவற்றை முதுகில் சுமப்பது... வாப்பா. உம்மாவிடம் போவது பால் குடிக்க மட்டும்.

அந்த இடத்தில் கரண்ட் போனது. கூடவே வைஃபையும் போனது. போனால் போகட்டும், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே.

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. ஏழு டிக்கல் வாப்பாவால் முடியும் என்றால், எழுபது கிலோ வாப்பாவால் முடியாதா? மறுநாள் பிள்ளைகளைக் கடைக்குக் கொண்டுவந்து, வாளி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று பழகினேன். ஒரு கைலியில் முன்னால் ஒருத்தி, இன்னொரு கைலியில் பின்னால் ஒருத்தி. பூட்டு வாங்க வந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, சிரித்து, இரண்டு பேரையும் கொஞ்சிவிட்டு, பூட்டை மறந்து போய்விட்டார்.

ஞாயிறும் வந்தது. மதினி வந்தார். கையில் புதுப் பிரம்புக் கூடை, உள்ளே மெத்தை. மா தன்டாவும் எங்கள் வீட்டில் இருந்தாள். நான்தான் சாட்சிக்கு அழைத்திருந்தேன்.

"எதை எடுக்கட்டும் ஜைனப்? ரொம்ப அழாததைக் குடு" என்றார் மதினி.

ஜைனப் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடப் பேசிவிடுவது சுலபம்.

"மதினி," என்றேன். "ஒரு குரங்கு இருக்கு."

"எங்கே?" மதினி ஜன்னலைப் பார்த்தார்.

"இங்க இல்ல. அமேசான்ல. ரெண்டு முட்டை எடைதான். அதுக்கு ரெட்டைக் குட்டி பிறக்கும். வாப்பாக் குரங்கு ரெண்டையும் முதுகுல தூக்கிக்கும். ஒண்ணைப் பிரிச்சு அடுத்த மரத்துக்குக் குடுக்காது."

கல்யாணமான நாளிலிருந்து மதினியிடம் நான் பேசிய நீளமான பேச்சு இதுதான். காது இரண்டும் எரிந்தன.

"குரங்கு செய்யுதுன்னு நீங்களும் செய்வீங்களா மாப்ளே? அது கிளையிலயும்தான் தூங்கும்."

கைலிகளை எடுத்தேன். சல்மா முன்னால், சபா பின்னால். பால்கனி வரை நடந்து, திரும்பி வந்து நின்றேன். சல்மா தூங்கிவிட்டாள். சபா என் காதைப் பிடித்தாள். அன்று தொடங்கிய தொழில்தான்.

மதினி மா தன்டா பக்கம் திரும்பினார். "நிஜமா? அந்த வீடியோவைக் காட்டு."

இந்த முறை கரண்ட் போகவில்லை. வீடியோ முடிவுவரை ஓடியது. மா தன்டா தயங்கித் தயங்கி, "அக்கோ... வாப்பா மட்டும் இல்லையாம். முன்னாடி பிறந்த அண்ணன், அக்கா, கூட்டத்துல இருக்கிற மத்தவங்க, எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்குவாங்களாம்" என்றாள்.

தொலைந்தேன். பாதிச் சாட்சியோடு வழக்காட வந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

மதினி போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். கூடையைக் காலால் கொஞ்சம் தள்ளினார்.

"அந்தக் கூட்டத்துல பெரியம்மா உண்டா?"

"உண்டு ஆன்ட்டி" என்றாள் மா தன்டா, கண்ணைச் சிமிட்டாமல். வீடியோவில் அப்படி ஒரு பேச்சே வரவில்லை.

"அப்ப ரெண்டும் இங்கயே இருக்கட்டும். ஞாயிறும் புதனும் நான் வர்றேன். ரயில்தானே." பின்னால் வந்து சபாவை என் முதுகிலிருந்து அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "முடிச்சா இது? பிள்ளைக்கு நெஞ்சு வலிக்காது?"

ஜைனப் அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை. கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

ஒற்றை ஆளாகச் சுமக்கிறேன் என்று மார்தட்டினேன். அது நடக்காது என்று ஏழு டிக்கல் குரங்குக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது மதினி சொன்னார்: "ஒரு குரங்கைப் பார்த்துட்டு நான் மனசு மாறினேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது மாப்ளே."

நான் "ம்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

இந்தக் கடைசிப் பாரா மட்டும் கையெழுத்து நேராக இருக்கும், பாருங்கள். மடியிலும் யாருமில்லை, முதுகிலும் யாருமில்லை. எழுதத் தொடங்கி நாளாயிற்று. முடித்தது இன்றுதான் — பர்மாக்காரர்களின் தடிஞ்சு விளக்குத் திருநாளுக்கு மறுநாள், புதன்கிழமை. மதினியின் முறை.